வாசலிலேயே ஏழு நாள் பயணம்

ஹோகவேன்,
ஜூன் 14

அன்புள்ள ஹில்லா அக்காவுக்கு, தம்பி மைண்டர்ட் எழுதுவது. இங்கே நானும் ஆல்ட்யேயும், புதிதாய் வந்த சக்கர வீடான கேரவனும் நலம். போர்ச்சுகலில் நீயும் வெயிலும் நலமாகவே இருப்பீர்கள்.

அக்கா, ஜெயித்துவிட்டேன்! ஏழு நாள் முழுசாக! "ஒரு வருஷம் ஊர் சுற்றப் போகிறவன் முதலில் ஒரு வாரம் சொந்த வாசலிலேயே கேரவனில் குடியிருந்து பார். எதற்காக வீட்டுக்குள் ஓடத் தோன்றுகிறதோ, அதுதான் நீ எடுத்துவைக்க மறந்த பொருள்" என்று எழுதியிருந்தாயே, அதை ஆல்ட்யேயிடம் படித்துக் காட்டினேன். அவள் அதைப் பந்தயமாகவே ஆக்கிவிட்டாள். "வீட்டுக்குள்ள ஒரு கால் வச்சே, மறுநாளே கேரவனை வித்துடணும். வழக்கம்போல டெக்சல் தீவுல ஒரு வாரம், அதோட சரி" என்று சொல்லி, கதவைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். எங்களுக்குக் கல்யாணமான முப்பத்தொரு வருஷமாக அதே டெக்சல், அதே பெஞ்சு, அதே காற்று.

முதல் நாளே டப்பா திறக்கும் கருவி வீட்டுக்குள் மாட்டிக்கொண்டது. பட்டாணி சூப் டப்பாவை உளியால் திறந்தேன், பாதி சூப் திரைச்சீலை குடித்தது, ஆல்ட்யே ரொட்டியில் சாக்லேட் தூள் தூவிச் சாப்பிட்டாள். கனமான சாமான் வேண்டாம் என்று நீ சொல்லியும் கேட்காமல், போர்ச்சுகல் உருளைக்கிழங்கை நம்ப முடியாதென்று ஒரு மூட்டையை என் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தேன். கட்டில் மேலேறிவிட்டது, மூன்று இரவு கூரையை மூக்கால் தொட்டுக்கொண்டு படுத்தேன். சேறு உள்ளே வராமலிருக்க மரச்செருப்பை வெளியே விடச் சொன்னாய். விட்டேன். மழை அதில் நிரம்பி ஒரு தவளையும் குடிவந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கோபஸுக்கு யாருக்காவது யோசனை சொல்லாவிட்டால் சோறு செரிக்காது. தினமும் காலை பத்து மணிக்கு, நாங்கள் காபியும் ஆளுக்கொரு பிஸ்கட்டுமாக உட்காரும்போது, வேலிக்கு மேல் தலை நீளும். "என்ன மைண்டர்ட், போர்ச்சுகல்ல மழை எப்படி? அந்த வெய்யில் மறைப்பைத் தப்பாக் கட்டியிருக்கப்பா!" என்பான்.

அந்த வியாழக்கிழமைதான் சோதனை. கோபஸ் வீட்டில் பாட்டு, வட்டமாகப் போட்ட நாற்காலிகள், கேக். யாருக்கோ பிறந்தநாள்! கோபஸுக்கா, அவன் மனைவி ஃபெம்யேவுக்கா? வாழ்த்தாமல் விட்டால் பத்து வருஷம் பேச்சு வராது, ஆளை மாற்றி வாழ்த்தினாலோ இருபது வருஷம். எல்லார் பிறந்தநாளும் எழுதிய காலண்டர் எல்லார் வீட்டையும் போலக் கழிப்பறைச் சுவரில்தான் தொங்குகிறது, கழிப்பறையோ பூட்டிய வீட்டுக்குள். ஏணி போட்டேன் அக்கா. சின்ன ஜன்னல் திறந்துதான் கிடந்தது. தலை போனது, தோளும் போனது, அதற்குமேல் போகவுமில்லை, திரும்பவுமில்லை. ஆனால் காலண்டரைப் படித்துவிட்டேன்! "கோபஸ், பிறந்தநாள் வாழ்த்துகள்! ஃபெம்யே, உனக்கும் வாழ்த்துகள்!" என்று, நம் வழக்கப்படி மனைவியையும் சேர்த்தே வாழ்த்தி, கழிப்பறைக்குள்ளிருந்தே கத்தினேன். விருந்தே கேக் தட்டோடு திரண்டு வந்துவிட்டது போலிருக்கிறது, என் பின்பக்கம்தான் அவர்களை வரவேற்றது.

"அவ்வளவுதான், உள்ள போயிட்டான். கேரவன் போச்சு!" என்றான் கோபஸ். "எங்க போனான்? கால் ரெண்டும் வெளியதானே ஆடுது? தலையைப் பத்தி நான் பேசவே இல்லையே!" என்று சொன்ன ஆல்ட்யேக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ, எனக்கு அந்த ஜன்னலிலேயே கண் கலங்கிவிட்டது. கோபஸ்தான் காலைப் பிடித்து இழுத்து எடுத்தான். அன்று மாலை அவளே வந்து சொன்னாள்: "வீட்டுக்குள்ள இருந்தா நீ இப்படியெல்லாம் பண்ணவே மாட்ட. போலாம் மைண்டர்ட். ஒரு வருஷம் முழுசும் போலாம்."

பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது! நாளைக் காலை ஏழுக்குப் புறப்படுகிறோம். நாங்கள் இரண்டே பேர், கோபஸ் இல்லாத தேசம், முன்னூற்று அறுபத்தைந்து காலைக் காபி! உன் தோட்டத்தில் கேரவனுக்கு இடம் ஒதுக்கி வை.

உன் முழங்கால் வலி குறையட்டும், வெயில் குறையாமலிருக்கட்டும்.

அன்புடன்,
மைண்டர்ட்

பின்குறிப்பு: கடிதத்தை உறையிலிடும் முன் கேரவனைக் காரில் பூட்டிப் பார்க்கப் போனேன். காரில் இழுக்கும் கொக்கி இல்லை. விற்றவனே கொண்டுவந்து வாசலில் விட்டுப் போனதால் இதுவரை யாரும் கவனிக்கவில்லை. கொக்கி வைக்க ஆறு வாரம் ஆகுமாம். ஆல்ட்யேக்கு இப்போது ஆறு நிமிஷம்கூடப் பொறுமையில்லை, நேரே வேலியோரம் போய்ப் பேசி முடித்துவிட்டாள். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான். கோபஸின் காரில் கொக்கி இருக்கிறது. அவனே ஓட்டுவானாம். ஃபெம்யேயும் வருகிறாள். ஒரு வருஷம். கேரவனில் நாலு கட்டில், அக்கா.