கட்சி மாறாத கரண்ட்

மனிதர்களில் கோடு போடுகிறவர் என்று ஒரு ரகம் உண்டு. சர்வேயர் என்று நினைத்துவிடாதீர்கள். சர்வேயர் சம்பளத்துக்குக் கோடு போடுகிறவர். இவர் சும்மா போடுவார். புட்டுக்குப் பயறு பிசைந்தால் எந்தப் பக்கம், பழம் பிசைந்தால் எந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால் எந்தத் திசை பார்த்துத் தும்மினான் என்று எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரு கோட்டைக் கிழித்து, "நீ எந்தப் பக்கமாக்கும்?" என்று கேட்டுவிட்டால்தான் அவருக்குச் சாயா இறங்கும்.

ஐம்பத்து நாலாம் வருஷம். தெற்குத் திருவிதாங்கூரைத் தமிழ்நாட்டோடு சேர்ப்பதா, மலையாளத்தோடு விடுவதா என்று எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. பாறசாலையில் இந்த ரகம் பலாச்சுளையில் ஈ மொய்ப்பதுபோல் மொய்த்தது. அதில் தலையாய ஈ சதாசிவன். தந்தி ஆபீசில் முப்பது வருஷம் டக்கு டக்கென்று தட்டி ஓய்வு பெற்றவர். பேட்டரி, வயர், கரண்ட் எல்லாம் தம் குடும்பச் சொத்து என்று அவருக்கு எண்ணம்.

சந்தை ரோட்டில் புஷ்பபாய் புதிதாக ஜவுளிக்கடை கட்டினாள். நீளமான கடை. தெற்குக் கோடி தமிழ்ப் பக்கமான நாகர்கோவிலைப் பார்க்கும், வடக்குக் கோடி மலையாளப் பக்கமான திருவனந்தபுரத்தைப் பார்க்கும். அவள் பாவம், அரசாங்க மின்சார லைனுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தாள்.

"அரசாங்க லைனா?" என்று பதறினார் சதாசிவன். "அது ஏ.சி.யாக்கும் புஷ்பபாயி! ஒரு செக்கண்டில அம்பது தடவ அங்கயும் இஞ்சயும் மாறும். நம்ம எலெக்‌ஷன் ஆளுவகூட அந்த வேகத்தில கட்சி மாறமாட்டானுவ. டி.சி. அப்பிடியில்ல. ஒரே பக்கம் ஓடும். மானமுள்ள கரண்ட்!"

"வெளிச்சம் வருமா சாரே?"

"லாரி பேட்டரி ரெண்டு, லாரி பல்பு ஆறு. பன்னிரண்டு வோல்ட்தான். சின்னப் பிள்ள தொட்டாலும் ஒண்ணும் ஆவாது."

கடைசியாகச் சொன்னது உண்மை. அதற்காகவே அவள் சம்மதித்தாள். கோடு போடுகிறவர்களிடம் இதுதான் ஆபத்து: இடையில் ஓர் உண்மையையும் செருகிவிடுவார்கள்.

வயரிங் வேலைக்கு வந்த கனகதாஸ், பேட்டரியைக் கடையின் நடுவில் வைக்கப் போனான்.

"நடுவிலயா? எலே, நாங்க பின்ன எதுக்குப் போராடுதோம்? தெக்குக் கோடியில வை. நம்ம கரண்ட் நம்ம பக்கத்தில இருந்துதான் பொறப்படணும்!"

"சேல அடுக்கினது வடக்குக் கோடியிலல்லவா சாரே? பன்னிரண்டு வோல்ட்டுக்குத் தூரம் ஆவாது. வயரும் மெல்லிசு. போற வழியிலயே தேஞ்சுபோவும்."

"இந்த மெல்லிசு வயரிலதான் எனக்க தந்தி கொல்லம் வரை போச்சு. இது அறுபது அடி!"

"தந்தி போவும் சாரே. வெளிச்சம் போவாது."

"நீ எந்தப் பக்கமாக்கும்?"

கனகதாஸ் பேட்டரியைத் தெற்குக் கோடிக்குத் தூக்கினான். அந்த வருஷத்தில் அந்தக் கேள்விக்குப் பிறகு பேசியவன் யார்?

திறப்பு விழா அன்று மழை மூடிய சாயங்காலம், அம்பூரியிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி வந்து இறங்கியது. மணப்பெண்ணின் அத்தை விஜயம்மா தலைமை. இருபத்தேழு சேலை எடுக்க வேண்டும். முதல் கல்யாணக் கோஷ்டி வெறுங்கையோடு படியிறங்கினால் அப்புறம் எந்தக் கல்யாண வீட்டாரும் அந்தப் படியை மிதிக்கமாட்டார்கள். புஷ்பபாய்க்கு இது தெரியும்.

தெற்குக் கோடியில் தோளில் போடும் துண்டும் தலை துவட்டும் துவர்த்தும் கல்யாணப் பந்தல்போல் ஜொலித்தன. வடக்கே பல்புகள் பீடி நுனிபோல் சிவந்துகொண்டிருந்தன. விஜயம்மா ஒரு பாலராமபுரம் சேலையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"இது என்ன நெறம்?"

"கிளிப்பச்ச அக்கா."

"கிளி எனக்குத் தெரியும் பிள்ளே. இது காக்கா." எழுந்துவிட்டாள். "வாருங்க மக்கா, நெய்யாற்றின்கரை பஸ் வரும் நேரமாச்சு."

சதாசிவனுக்கோ மயிர்க்கூச்செறிந்தது. "பாத்தியளா! வடக்க போவப் போவக் கரண்டுக்கே பிடிக்கல்ல. உணர்வுள்ள கரண்ட்!"

புஷ்பபாய் முந்தானையை இழுத்துச் செருகினாள். "கனகதாசு, அந்தப் பக்கம் பிடி." பேட்டரி இரண்டும் ஒவ்வொன்றாக நடுக்கடைக்கு வந்து சேர்ந்தன. அவன் வயர்களை நடுவில் வெட்டிப் பேட்டரியோடு முறுக்கினான். ஆறு பல்பும் ஒன்றாகக் கண் விழித்தன. படியில் ஒரு காலை வைத்திருந்த விஜயம்மா திரும்பிப் பார்த்தாள்.

"அட, கிளிதான்!" காலை உள்ளே எடுத்தாள்.

"நடுவில வச்சிட்டியே! அப்போ நீ எந்தப் பக்கம்?" என்று அதட்டினார் சதாசிவன்.

"சேல விக்கிற பக்கமாக்கும் சாரே. வெளிச்சத்த மறைக்குதிய, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் புஷ்பபாய்.

மறுநாள் சாயாக்கடையில், நடுவில் வைக்கச் சொன்னதே தாம்தான் என்றார் சதாசிவன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், செக்கண்டுக்கு ஐம்பது தடவை கட்சி மாறும் கரண்டில் சுற்றும் மின்விசிறிக்கு அடியில் அயர்ந்து தூங்கினார். ஆமாம், அவர் வீட்டுக்கு அரசாங்க லைன் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வடக்கே நெய்யாற்றின்கரையில் இதே ரகம் ஒன்று, மறுகட்சிக்காரர், இன்னொருவர் கடையில் பேட்டரியை வடக்குக் கோடியில் வைத்துத் தெற்கை இருட்டாக்கியதாகக் கேள்வி.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் முதல் வரியிலிருந்தே, இதை எழுதிய கை எந்தப் பக்கத்துக் கை என்று ஓரக்கண்ணால் தேடிக்கொண்டே வந்தீர்களே, அது எனக்குத் தெரியாதா? போகட்டும். கொஞ்சம் குனிந்து பாருங்கள்: உங்கள் பேட்டரி எந்தக் கோடியில் இருக்கிறது?