ஒற்றைத் துவக்கு வித்துவான்

லண்டனில் வாழும் நம்மவர்களுக்குள்ளே ஒற்றைச் சாமான் வித்துவான் என்று ஓர் இனம் இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. ஒரு வீட்டுக்குச் சும்மா தேத்தண்ணி குடிக்கப் போய், வெளியே இருட்டிய பிறகும் எழும்ப வழியில்லாமல் கதிரை நுனியில் இருந்திருக்கிறீர்களா? அப்படியானால் அந்த இனத்தின் கையில் நீங்கள் ஏற்கெனவே அகப்பட்டிருக்கிறீர்கள். இவர்களிடம் பழசு என்று சொல்ல உலகத்திலே ஒரே ஒரு சாமான்தான் இருக்கும். ஒருவரிடம் மணிக்கூடு, இன்னொருவரிடம் கமரா, வேறொருவரிடம் எந்த ராசாவின் தலை என்று தெரியாமல் தேய்ந்துபோன ஒரு செப்புக் காசு. அந்த ஒன்றைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது எதுவுமில்லை. தெரியட்டும், நமக்கென்ன? உங்களுக்கும் அதெல்லாம் தெரிந்தாக வேண்டும் என்று நினைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் வில்லங்கம் தொடங்குகிறது.

தெற்கு லண்டன் சட்டனில் இருந்த குலசேகரம் இந்த இனத்தின் முதல்தரமான மாதிரி. அவரிடம் இருந்தது ஒரு துவக்கு. துப்பாக்கியேதான்.

பயப்பட வேண்டாம். ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகளில் அமெரிக்காவில் மாடு மேய்த்தவர்கள் இடுப்பில் தொங்கவிட்டுத் திரிந்த கைத்துவக்கு அது. ஆறு துளை உள்ள உருளை, பித்தளைப் பூண் போட்ட மரப்பிடி. அதற்குள் போட்டுச் சுட ஏற்ற ரவை இப்போது எங்கும் செய்யப்படுவதில்லை. ஆகவே அலங்காரப் பொருளாக வீட்டில் வைத்திருக்க இந்த நாட்டுச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. எண்பத்தாறாம் ஆண்டு மனைவி வசந்தமலருக்குத் தையல் மெசின் வாங்கவென்று ஒரு பழஞ்சாமான் சந்தைக்குப் போனவர், தையல் மெசினை மறந்து இதைக் கொண்டுவந்து சேர்த்தார். வசந்தமலர் அதன் பிறகு கையாலேயே தைத்தாள்.

அன்றிலிருந்து அவருக்கு ஊர் இரண்டு. ஒன்று யாழ்ப்பாணம், மற்றது அரிசோனா. அமெரிக்கப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனிதர், அரிசோனா என்று அவர் சொல்கிற விதத்தைக் கேட்டால் சாவகச்சேரியில் பஸ் மாறிப் போகலாம் போலிருக்கும். விருந்தாளிகள் எதைப் பேசினாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். மழை என்று சொல்லுங்கள்: மழை என்றால் ஈரம், ஈரம் என்றால் துரு, துரு பிடிக்காமல் அந்தக் காலத்தில் துவக்குக்கு என்ன எண்ணெய் பூசினார்கள் தெரியுமோ? பல்லுக்கொதி என்று சொல்லுங்கள்: பல்லுக்கொதி என்றால் பல்வைத்தியர், பல்வைத்தியரே இல்லாத அரிசோனாவில் பல்லை எப்படிப் பிடுங்கினார்கள் தெரியுமோ? ஒன்றும் பேசாமல் இருந்தால் தப்பலாம் என்று நினைத்தீர்களானால் அது இன்னும் ஆபத்து. மௌனம் என்றால் பாலைவனம்.

பிறகு மாடிக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வருவார். அதை மடியில் வைத்துக்கொண்டு, இது சிங்கிள் அக்‌ஷன், ஒவ்வொரு வெடிக்கும் பின்னாலுள்ள சுத்தியலைப் பெருவிரலால் இழுத்தாக வேண்டும், இழுக்காமல் விசையை அமத்தினால் விடியும்வரை அமத்திக்கொண்டே இருக்கலாம் என்பார். இழுக்கும்போது வரும் கிளிக் கிளிக் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்கச் சொல்வார். நீங்களும் கண்ணை மூடித்தான் ஆகவேண்டும். ஆனால் தொடக் கூடாது. நூறு வருசத்துக் கருங்கபில நிறம் அந்த இரும்பில் படிந்திருந்தது. அதுதான் அதன் வயதுக்குச் சாட்சி, அதைத் துடைப்பது சிலைக்கு மூக்கைச் சீவுவதற்குச் சமம் என்பது அவருடைய கட்சி. யாராவது வாய் தவறி, இது உண்மையான துவக்கோ பொம்மையோ என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. பொம்மை என்று சொன்ன ஒரு மைத்துனரோடு அவர் இரண்டு பொங்கலுக்குக் கதைக்கவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு அவருடைய மகள் கோதைக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பேச்சு வந்தது என்பது பெரியவர்களுக்காகச் சொல்வது. பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த நிமலனைக் கோதை தானே தெரிவுசெய்து, முறைப்படி பெண் பார்க்க வரும்படி அவனையும் ஏற்பாடு செய்திருந்தாள். ஒரே ஒரு சிக்கல். நிமலனின் தாய் சிவனேஸ்வரிக்கு எதையும் முழு மனதாகப் பிடித்துப் பழக்கமில்லை, தாய் ஓம் என்று சொல்லாமல் நிமலன் தாலி கட்டமாட்டான். எல்லாம் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, அவை வரேக்கை அந்தத் துவக்கை எடுக்கக் கூடாது," என்றாள் கோதை. "ப்ளீஸ். நான் உங்களிட்டை இந்த ஒண்டுதான் கேக்கிறன்."

குலசேகரம் மகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினார். மனதாரத்தான் பண்ணினார். அந்தப் பிள்ளை என்றால் அவருக்கு உயிர்.

ஞாயிறும் வந்தது. வால்தம்ஸ்டோவில் பலசரக்குக் கடை நடத்தும் பாலேந்திரா, மனைவி சிவனேஸ்வரியோடும் மகனோடும் வந்து இறங்கினார். கட்லெற் வந்தது, வடை வந்தது. கோதை சேலையோடு தேத்தண்ணி கொண்டுவந்தாள். குலசேகரம் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தார். வரும் வழியெல்லாம் மழை என்றார் பாலேந்திரா. குலசேகரம் கட்லெற்றை வாயில் அடைத்துக்கொண்டார். தனக்குக் கடைவாய்ப் பல்லில் குத்து என்றாள் சிவனேஸ்வரி. அவர் இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தார். பெற்ற பாசம் என்றால் இதல்லவா பாசம்? கோதை நிம்மதியாய் மூச்சுவிட்டாள். சிவனேஸ்வரிகூட வீடு துப்பரவாய் இருக்கிறது என்று ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் பாலேந்திரா, முதல்நாள் ரீவியில் பார்த்த கௌபோய்ப் படமொன்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஒருத்தன் தனியே நின்று ஒரு கைத்துவக்கால் பதினைந்து பேரை விழுத்தினானாம், ஒருமுறைகூட ரவை நிரப்பவில்லையாம், என்ன அருமையான துவக்காம்.

குலசேகரத்தின் நெற்றி வியர்த்தது. காது சிவந்தது. பல்லைக் கடித்தார், கடித்த பல்லுக்கு நடுவாலே அது வெளியே வந்துவிட்டது.

"ஐஞ்சு," என்றார்.

"என்ன ஐஞ்சு?" என்று கேட்டார் பாலேந்திரா.

இப்படி ஒரு கேள்வியை இந்த இனத்தவரிடம் கேட்பவருக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும். துளை ஆறு இருந்தாலும் புத்தியுள்ளவன் ஐந்தில்தான் ரவை போடுவான், சுத்தியலுக்கு நேரே உள்ள துளையை வெறுமையாக விடுவான், இல்லாவிட்டால் குதிரையில் ஏறும்போது ஓர் இடி பட்டாலே சொந்தக் காலில் வெடித்துவிடும் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே குலசேகரம் படியில் ஏறினார். "அப்பா" என்று பின்னாலிருந்து மகள் கூப்பிட்டது கேட்கவில்லை. அரிசோனாவில் இருப்பவருக்குச் சட்டனில் கூப்பிட்டால் எப்படிக் கேட்கும்?

பெட்டியைக் கொண்டுவந்து விருந்தாளிகள் நடுவில் வைத்துத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

துவக்கு மினுங்கியது. பித்தளை, புதுக் குத்துவிளக்குப்போல மஞ்சளாகப் பளபளத்தது. குழல் வெள்ளியாகச் சிரித்தது. நூறு வருசத்துக் கருங்கபிலம் போன இடம் தெரியவில்லை.

"எப்பிடியும் எடுக்கத்தான் போறியள் எண்டு எனக்குத் தெரியும்," என்றாள் வசந்தமலர் பெருமையாக. "எடுக்கேக்கை ஊத்தையாய் இருக்கக் கூடாதெண்டு, விளக்குகளோடை சேர்த்துப் புளி போட்டு மினுக்கினனான். குழலுக்கு மட்டும் இரும்புப் பஞ்சு."

அவர் அழுவதற்கும் நேரம் கிடைக்கவில்லை. சிவனேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"துவக்குச் சத்தம் கேக்காத இடத்திலை இருப்பம் எண்டுதான் இந்தக் குளிருக்கை வந்து கிடக்கிறம்," என்று அவள் அமைதியாகவே சொன்னாள். "துவக்கை வீட்டுக்கை வைச்சுக் கொண்டாடுற இடத்திலை எங்களுக்குச் சம்பந்தம் சரிவராது. நிமலன், காரை எடு."

கைப்பையையும் எடுத்துக்கொண்டு எழும்பினாள். நிமலன் கோதையைப் பார்த்தான். கோதை அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை, தகப்பனை மட்டும் பார்த்தாள். குலசேகரம் அந்த முகத்தைக் கண்டார். அரிசோனா ஒரே நொடியில் கண்ணைவிட்டு மறைந்தது. ஒரே ஒரு சொல்தான் இனி இந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றும், அந்தச் சொல்லைத் தன் வாயாலேயே சொல்லவேண்டும் என்பது அவருக்கு விளங்கியது.

"இருங்கோ," என்றார். "இது பொம்மை."

வசந்தமலர் வாயில் கைவைத்தாள்.

"பொம்மையோ?" என்றாள் சிவனேஸ்வரி.

"ஓம். சும்மா தகரம். பகிடிக்குக் கொண்டுவந்து காட்டினனான்."

பாலேந்திரா குனிந்து பார்த்தார். உண்மைதான், நேற்றுச் செய்ததுபோல மினுங்குகிறதே என்றார். சொன்னவர் சும்மா இருந்தாரா? பொம்மைதானே என்று கையில் தூக்கி, சுத்தியலை இழுத்து, விசையை அமத்தினார். டக். வெறும் துவக்கை அப்படித் தட்டினால் ஸ்பிரிங் முறியும் என்பதற்காகவும் ஏழு வருசமாக ஒருவரையும் தொடவிடாதவர் குலசேகரம். பாலேந்திரா கூரை விளக்கைக் குறிபார்த்தார். டக். பூச்சாடியைக் குறிபார்த்தார். டக். மகனையும் குறிபார்த்தார். குலசேகரம் சிரித்துக்கொண்டே இருந்தார். அது சிரிப்புத்தான் என்று அவரே நம்பினார். சிவனேஸ்வரி மெல்ல மெல்லத் திரும்பவும் கதிரையில் உட்கார்ந்து, கோப்பையை எடுத்து, தேத்தண்ணி ஆறிவிட்டது, இன்னொன்று ஊற்றச் சொல்லுங்கள் என்றாள். நாளும் அன்றைக்கே குறித்தார்கள்.

ஆர்ச்வே முருகன் கோயிலில் கல்யாணம். அதுவரைக்கும் அந்த மனிதர் வாய் திறக்கவில்லை என்பதை நீங்கள் நம்பவேண்டும். சம்பந்தி வீட்டார் வரும்போதெல்லாம் பொம்மையைத் தாமே எடுத்துக் கொடுத்தார், டக் டக் என்று தட்டவும் விட்டார். ஆள் மெலிந்துபோனார். கெட்டிமேளம் முழங்கி, நிமலன் மூன்றாவது முடிச்சையும் போட்டான். இனி ஒருவரும் காரை எடுக்கச் சொல்ல முடியாது. அந்தக் கணமே குலசேகரம் கையிலிருந்த அரிசியைத் தூவிவிட்டு, பாலேந்திராவின் காதோடு குனிந்தார்.

"சம்பந்தி, அது பொம்மை இல்லை."

"எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார் பாலேந்திரா, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் தட்டத் தட்ட உங்கடை கண்ணாலை தண்ணி வந்தது. தகரத்துக்கு ஆர் அழுவினம்?"

"அப்ப ஏன் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?"

பாலேந்திரா மனைவி எங்கே நிற்கிறாள் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எங்கடை கராஜுக்கை ஒரு வாள் கிடக்கு. டச்சுக்காரன் காலத்துச் சாமான். சிவனேசுக்குத் தெரியாது. வாற ஞாயிறு வாங்கோ. பிடியிலை இருந்து நுனி மட்டும் ஆறுதலாய் விளங்கப்படுத்திறன்."

சம்பந்தி என்பது ஆயுள்கால உறவு. குலசேகரம் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தார். வாசலில் சனம் நின்றது. பாலேந்திராவின் கை ஏற்கெனவே அவருடைய தோளில் விழுந்துவிட்டது. மனிதர் வாளுக்கு முன்னுரை தொடங்கிவிட்டார், மேளம்கூட அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் மணிக்கூடும் இல்லை, வாளும் இல்லை, உங்களுக்கும் இந்த இனத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மெத்தச் சரி. ஆனால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். இனி ரீவியில் ஒரு கௌபோய்ப் படம் போகும்போது, பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டி, துளை ஆறு இருந்தாலும் ரவை ஐந்துதான் என்று சொல்லாமல் உங்களால் இருக்க முடியுமா?