விண்ணப்பங்களோடு போன கட்டைவிரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுவதற்கு மன்னித்துக்கொள். போன் என்றால் நீ "சொல்லுடி, சொல்லுடி" என்பாய், எனக்கு வாயே வராது. நான் நலம். உன் நலமும் அப்பாவின் முழங்கால் நலமும் அறிய ஆவல். நீ எழுத்துக் கூட்டிப் படிப்பாய் என்று சின்னச் சின்ன வாக்கியமாக எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்த பழைய விண்ணப்பப் படங்கள் நாற்பது லட்சம் குவிந்து, அழிக்கிற வேலை என் தலையில் விழுந்தது, மவுஸால் அழிக்கப் போனால் கம்ப்யூட்டர் மலைத்து நின்றுவிட்டது, கட்டளையை எழுத்தாக அடிக்கிற கறுப்புத் திரையில் எல்லாவற்றையும் அழி என்று அடித்தால் பட்டியல் ரொம்ப நீளம் என்று திருப்பி அனுப்பியது, கடைசியில் செக்‌ஷன் சார் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு மாதத்துக்கு மேல் பழைய படம் எதுவானாலும் தேடிப் பிடித்து அழி என்று அடித்தேன், அடித்ததில் பிசகில்லை, நின்ற இடம்தான் பிசகு, விண்ணப்ப ஃபோல்டருக்குள் நிற்காமல் ஒரு படி மேலே நின்று அடித்துவிட்டேன், என் போனில் இடமில்லை என்று நீ அனுப்பிய அறுநூற்றுச் சொச்சம் படங்களை அங்கேதான் வைத்திருந்தேன், அவையும் சேர்ந்து போய்விட்டன. நிச்சயமா என்று அது ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ ஒரு கிழிந்த துண்டைத் தூக்கிப்போட நாலு பேரைக் கேட்பாய்.

"சுத்தமா முடிஞ்சுதாம்மா?" என்றார் சார்.

"ரொம்ப சுத்தமா, சார்" என்றேன். பாராட்டினார்.

அம்மா, நீ எடுத்த எல்லாப் படத்திலும் பாதி உன் கட்டைவிரல்தான். விரல், பின்னால் அப்பாவின் ஒரு காது. விரல், பின்னால் மின்விசிறி. பார்த்துச் சிரிப்பேன். ஆனால் விரலில் புதுக் கட்டு இருந்தால் நம் சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டது என்று தெரியும். தோல் ஊறிச் சுருங்கியிருந்தால் துவைக்கிற ஆள் வரவில்லை, அதையும் நீயே செய்தாய் என்று தெரியும். போனில்தான் "நல்லா இருக்கேன்" தவிர வேறு எதுவும் சொல்ல மாட்டாயே. அதனால் பழையபடி எடுத்து அனுப்பு. விரலை நகர்த்திவிடாதே.

அப்பாவை மாடிப்படி ஏற விடாதே. தம்பியிடம் என் சைக்கிளைத் துடைத்து வைக்கச் சொல்.

அன்புடன்,
உன் பெரியவள்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. இன்று காலை சாரிடம் உண்மையைச் சொன்னேன். அழிப்பதற்கு முன்பே அவர் எல்லாவற்றுக்கும் தனியாக நகல் எடுத்து வைத்திருந்தாராம், ஒன்று விடாமல் திரும்பி வந்துவிட்டது. உட்கார்ந்து அத்தனையும் பார்த்தேன். ஒன்றில்கூட உன் முகம் இல்லை. அப்பா விரல் விழுந்தாலும் பரவாயில்லை, ஒரே ஒரு தடவை போனை அவரிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்து நில்லேன், அம்மா.