மரை கழன்ற படகு

கட்டடத்தில் குழாய் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. அவன் வேலை ஒழுகினால் தண்ணீர் குழாயிலிருந்து வெளியேதான் வரும். கீழ்வீட்டுக்காரர் கத்துவார், போன் அடிப்பார், நாம் எடுக்காவிட்டால் மறுநாளும் அடிப்பார். யாரும் முங்கிப்போக மாட்டார்கள். மும்பையில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருபத்தாறு வருஷம் இந்தத் தைரியத்தில்தான் நான் தொழில் செய்தேன். படகில் தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே வரும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்த விஷயத்தை யோசிக்காமல் இருப்பது என் பழைய பழக்கம்.

படகு என்றால் மீன்பிடிப் படகு இல்லை, பாய்மரப் படகு. தாராவியில் எங்கள் குடும்பத்துக்கு அப்படி ஒன்று சொந்தமாக இருந்தது. (அப்போது எங்கள் வீட்டில் கக்கூஸ் கிடையாது, சந்து முனைக்குத்தான் போகவேண்டும். படகில் இருந்தது.)

அது என் அத்தானுக்கு வந்த படகு. அத்தான் என்றால் அக்கா ராஜாத்தியின் வீட்டுக்காரர், செல்வராஜ். கொலாபா பக்கம் பணக்காரர்களின் படகுகளைப் பார்த்துக்கொள்வது முப்பது வருஷமாக அவர் வேலை. கழுவுவார், பாய் தைப்பார், எஞ்சினைப் பிரித்து மாட்டுவார், ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளி குடும்பங்களைக் கடலில் சுற்றிக் காட்டிவிட்டு வருவார். அதில் ஒரு முதலாளி, வயதாகி, வெளிநாட்டில் இருக்கும் மகனோடு இருக்கப் போய்விட்டார். அவருடைய படகு அவரைப் போலவே பழையது, வாங்க ஆளில்லை. உடைத்துப்போட மனசில்லாமல் அத்தான் பேருக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அதே வருஷம் அத்தானுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் சயான் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். வேலையை விட்டார். கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. அந்தக் கையால் கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவருக்கு ஒரு ஆசை மிச்சமிருந்தது. அதை என்னிடம்தான் சொன்னார். முப்பது வருஷமாக அடுத்தவர் பெண்டாட்டி பிள்ளைகளைக் கடலில் கூட்டிக்கொண்டு போனவர், என் அக்காவை ஒருநாள்கூடக் கூட்டிப்போகவில்லை. படகு அவருடையதாக இருந்தால்தானே? இப்போது இருக்கிறது. மழைக்காலம் முடிந்து, நாரளி பௌர்ணமிக்கு மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் விட்டதும், ஒரே ஒரு நாள் பாயை ஏற்றி அக்காவை உட்காரவைத்து ஓட்டவேண்டும்.

படகு சிவ்ரி பக்கம் ஒரு பட்டறையில் மரத்தாங்கிகள் மேல் நின்றது. அதன் அடிவயிற்றில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, மூன்று ஓட்டைகள். எஞ்சினைக் குளிரவைக்கக் கடல்தண்ணீர் எடுக்க ஒன்று, கக்கூஸுக்கு ஒன்று, பாத்திரம் கழுவும் தொட்டித் தண்ணீர் வெளியேற ஒன்று. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு வெண்கலக் கழுத்து செருகியிருக்கும். அதன் தலையில் திருகி மாட்டிய ஒரு வால்வு. கடலுக்கும் நமக்கும் நடுவில் அந்த வால்வு மட்டும்தான்.

மூன்றும் கெட்டிருந்தன. ஒன்றைத் திருகினேன், கைப்பிடி கையோடு வந்தது. ஏணி ஏற முடியாமல் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அத்தானிடம் அதைக் கொடுத்தேன். கத்தியால் சுரண்டிக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது.

"பித்தள மாப்ள. உப்புத்தண்ணி துத்தநாகத்தத் தின்னுட்டு செம்ப மட்டும் விட்டுட்டுப் போயிரும். பாக்க முழுசாத்தான் இருக்கும், தட்டினா பிஸ்கோத்து."

புதிதாக மாட்டுவதைப் பற்றி இரண்டு விஷயம் சொன்னார். பித்தளை கூடாது, அசல் வெண்கலம் வேண்டும். இது வெளிநாட்டுப் படகு, கழுத்தில் இருக்கிற மரை நம் ஊர் மரை இல்லை. அதனால் வால்வை மட்டும் மாற்றாமல் கழுத்தையும் சேர்த்து ஜோடியாக மாற்று. ஓட்டை ஒவ்வொன்றுக்கும் மாங்கட்டையில் ஒரு அடைப்பான் கூம்பு மாதிரி சீவிக் கொடுத்து, வால்வு பக்கத்திலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிடவும் சொன்னார்.

நான் முதல் விஷயத்தைப் பிடித்துக்கொண்டேன். மூன்று வாரம் அசல் வெண்கலத்துக்காக அலைந்தேன். கடை கடையாகப் போய் வால்வுகளைச் சுரண்டினேன். (இரண்டு கடையில் வெளியே போகச் சொன்னார்கள்.) கடைசியில் அம்பர்நாத்தில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர் மூலமாக மூன்று வால்வு கிடைத்தது. வெண்கலமென்றால் அப்படியொரு வெண்கலம். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

மாட்டும்போதுதான் தெரிந்தது, பழைய கழுத்தைக் கழற்ற வேண்டுமென்றால் படகின் வெளிப்பக்கம் வெட்டவேண்டும், இரண்டு நாள் வேலை. செம்பூரில் ஒரு கட்டடத்தில் எனக்கு மோட்டார் வேலை காத்திருந்தது. கழுத்து பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று அதன் மேலேயே புது வால்வைத் திருகினேன். இரண்டு சுற்று போனது, நின்றது. நம் ஊர் மரையில் அங்குலத்துக்குப் பதினொரு சுற்று. அந்தக் கழுத்தில் பதினொன்றரை. அரை மரைதான் வித்தியாசம், ஆனால் இரண்டு சுற்றுக்கு மேல் ஒன்றையொன்று ஏற்காது.

இப்படி நிற்கிற மரைக்குக் கட்டடத்தில் நாங்கள் செய்கிற வைத்தியம் ஒன்று இருக்கிறது. வெள்ளை டேப்பைச் சுற்று, சணலைச் சுற்று, மேலே பசையைப் பூசு, பெரிய ஸ்பேனர் போட்டு ஒரு இழு. செய்தேன். கல் மாதிரி நின்றது. மாங்கட்டை அடைப்பான்கள் புது வெண்கலத்துக்குப் பக்கத்தில் அசிங்கமாகத் தெரிந்ததால் அவற்றைக் கருவிப் பையில் போட்டேன்.

கீழே இறங்கியதும் அத்தான் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மர முழுசா ஏறிச்சா மாப்ள?"

"ஏறிச்சு அத்தான்."

கடலில் இறக்கிய நாள் அத்தான் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். அக்கா பொங்கலுக்கு எடுத்த புடவை கட்டி, எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வந்தாள். கிரேன் படகைத் தூக்கித் தண்ணீரில் வைத்தது. நான் உள்ளே குதித்து மூன்று வால்வையும் விரலால் தடவினேன். சொட்டு ஈரம் இல்லை. அன்று என்னைவிடப் பெரிய குழாய் வேலைக்காரன் இந்தியாவில் இருந்திருக்க மாட்டான். கருவிப் பையைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தது அந்தப் பெருமையில்தான்.

எஞ்சின் ஓட, படகு கரையைவிட்டு நகர்ந்தது. அத்தான் சுக்கான் பிடித்திருந்தார். அக்கா முன்னால் பாய்மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயம்தான், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் அவளையே பார்த்தார். ஆஸ்பத்திரியில் நான் பார்த்துப் பழகிய முகம் அது இல்லை.

பாய் ஏற்றப் போகிறோம், காற்றில் படகு சாயும், தொட்டி வால்வை மூடிவிடு என்றார். உள்ளே போய் வால்வின் நெம்புகோலை இழுத்தேன். வால்வு முழுசாக என் கையில் வந்துவிட்டது.

குற்றால அருவியைத் தலைகீழாகப் பார்த்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். நான் பார்த்தேன். உள்ளங்கையால் ஓட்டையை அடைத்தேன். விரலிடுக்கில் பீய்ச்சியது. மேலிருந்து அத்தான், மாங்கட்டை எங்கே என்று கேட்டார். கரையில் இருக்கிறது என்றேன். அவர் திட்டவில்லை. படகைத் திருப்பினார். அக்கா தவழ்ந்து இறங்கி வந்து, அத்தானின் துண்டை முறுக்கி என் கைக்கடியில் திணித்தாள். எலுமிச்சைச் சாதம் முழங்கால் தண்ணீரில் மிதந்து என்னைச் சுற்றி வந்தது.

பட்டறை வரை போக முடியவில்லை. அத்தான் படகைப் பக்கத்துச் சேற்றில் கொண்டுபோய் ஏற்றினார். ஓதம் வடிந்து கடல் பின்வாங்கிக்கொண்டிருந்தது, படகு ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. தொடையளவு சேறு. ஊசி குத்திய கையோடு அதில் இறங்கக்கூடாதென்று கோலி சமூகத்து மீனவர்கள் இரண்டு பேர் அத்தானை நாற்காலி மாதிரி கைகோத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னால் அக்கா, அவள் பின்னால் நான். வெண்கல வால்வு இன்னும் என் கையில் இருந்தது. கரையில் நல்ல கூட்டம்.

மூத்த மீனவர் என் கையிலிருந்து வால்வை வாங்கி, டேப்பையும் சணலையும் உரித்துப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதை மாட்டிய புண்ணியவான் யார் என்று இந்தியில் கேட்டார்.

"மைனே," என்றார் அத்தான். நான்தான் என்று.

எல்லோரும் சிரித்தார்கள். முப்பது வருஷம் கடலில் இருந்தவனா இப்படி என்று கேட்டார்கள். அத்தானும் சிரித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று திறக்காத வாயைப் பற்றித்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

மறுநாள் டயாலிசிஸுக்கு அவரோடு போனேன். எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடியபடியே சொன்னார்.

"நீ கொழா வேல பாத்துப் பொழைக்கவன். வால்வு மாட்டித் தண்ணி வந்துச்சுன்னு தாராவில பேச்சுக் கெளம்பினா எவன் கூப்பிடுவான்? நான் இனி எந்தப் படகுக்கு வேலைக்குப் போகப் போறேன்? விடு."

அப்புறம் அந்த வேலையைச் சரியாகச் செய்தேன். படகைக் கரையேற்றி, வெளிப்பக்கத்தை வெட்டி, பழைய கழுத்துகளைக் கழற்றினேன். கழுத்தும் வால்வும் ஒரே கடைசல் பட்டறையில் ஜோடி பார்த்து, மரை எண்ணி வாங்கி மாட்டினேன். பன்னிரண்டு நாள் ஆனது. மாங்கட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டேன். அத்தானிடம் போய்ச் சொன்னேன்.

"எத்தன சுத்து போச்சு?"

"எட்டு."

தலையாட்டினார். அதற்குள் அவரால் ஆட்டோவில் ஏறி உட்காரவே முடியாமல் போயிருந்தது. அடுத்த மழைக்கு முன்னால் இறந்துவிட்டார். அவர் கேட்ட ஒரே ஒரு நாள் கடலுக்கு நான் பன்னிரண்டு நாள் தாமதம். படகைப் பட்டறைக்காரரே எடுத்துக்கொண்டார்.

ஆனால் கதை போகவில்லை. இருந்த மாதங்களில் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அத்தானே அதைச் சொன்னார், கைகால் வைத்துச் சொன்னார். அவர் செத்த பதினாறாம் நாள் சாப்பாட்டுப் பந்தியிலேயே ஒருவர், படகுக்கு மரை கழன்றதா செல்வராஜுக்கு மரை கழன்றதா என்று ஆரம்பிக்க, அழுது வீங்கிய முகங்களெல்லாம் சிரித்தன. என்னால் தாங்க முடியவில்லை. சமையற்கட்டில் அக்காவைப் பிடித்து, மாட்டியது நான், அத்தான் இல்லை என்று சொன்னேன்.

அவள் அப்பளம் பொரிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியாதா லே? ஏணி ஏற முடியாத மனுசன் எப்படி மாட்டியிருப்பாரு?"

வெளியே போய் எல்லோரிடமும் சொல்கிறேன் என்றேன்.

"வேண்டாம். எத்தனையோ பேரு செத்துப் போறாங்க, ஒரு வருசத்துல பேரே மறந்துபோகு. இவுக பேரச் சொன்னா சிரிக்காவ. இருந்துட்டுப் போட்டும்."

போன தீபாவளிக்கு அக்கா மகளின் புது மாப்பிள்ளை வந்திருந்தார். நவி மும்பைப் பையன், தமிழும் இந்தியும் கலந்து பேசுவார். வழக்கம்போல யாரோ கதையை எடுத்தார்கள். எல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

"மாமா, நீங்க பிளம்பர்தானே? அப்பவே பாத்து போல்னா சாஹியே தா, சொல்லிருக்கணும்ல, மரை சரியில்லன்னு."

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. அக்கா பரிமாறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சொன்னேன் மாப்ள," என்றேன். "அவர் கேக்கல."