திருக்கரம் பட்டில் எழுந்தருளிய படலம்

ஆரணி நகரம் பட்டால் பெயர் பெற்றது. அரிசியால் வயிறு நிறைந்தது. எனினும் அது வீடுபேறு அடைந்தது கோல்ஃப் ஒன்றினாலேயே என்பதை அறிவுடையோர் எவரும் மறுக்கமாட்டார். கமண்டல நாகநதிக் கரையில், ஆடுகள் மேய்ந்து சமன்செய்த புல்வெளியும் ஒன்பது குழிகளுமாக விளங்கும் கோல்ஃப் மன்றமே அதற்குச் சான்று. அம்மன்றத்தில் முப்பத்தோராண்டுக் காலம் 'புரோ'வாக, அதாவது செல்வந்தருக்கு மட்டை பிடிக்கக் கற்றுத்தரும் ஆசானாக, இருந்த திருமலை சென்ற மாதம் இறைவனடி சேர்ந்தார்.

மன்றம் கலங்கியது. அவசரக் கூட்டம் கூடியது. போண்டா தீரும்வரை துயரமும் நீடித்தது. இறுதியில் வரலாறு காணாத தீர்மானம் ஒன்று நிறைவேறியது: திருமலையின் திருவுருவத்தை அசல் பட்டில் நெய்து, உறுப்பினரல்லாதார் உருவம் இதுவரை ஏறாத கூடத்துச் சுவரில் ஏற்றுவது.

செய்தி கேட்டு அவர் மனைவி தேவகி அழவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள். அந்தக் கூடத்தின் வாசற்படியில் நின்றே மட்டைகளைத் துடைத்தவர் அவர். உள்ளே மின்விசிறி எத்தனை என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, "படியிலேர்ந்து பாத்தா மூணு தெரியுது" என்றவர். இனி அந்த முகம் உள்ளேயிருந்து படியைப் பார்க்கும். அவளுக்கு வேண்டியது அவ்வளவே.

மகள் கல்யாணத்தில் அவர் சிரித்தபடி நின்ற படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மன்றத்துக்குச் சென்றாள். செயலாளர் சுதாகர் படத்தை மரியாதையுடன் இரு கைகளாலும் வாங்கி, அதே மரியாதையுடன் திருப்பித் தந்தார்.

"நல்லாத்தான் சிரிக்கறாரு. ஆனா விதின்னு ஒண்ணு இருக்குதும்மா. கூடத்துல மாட்டற படம் நம்ம கிரவுண்டுல எடுத்ததா இருக்கணும்."

"தெனமும் இங்கதானங்க இருந்தாரு? அதுல ஒண்ணு போடுங்க."

"அதுக்குத்தான் உங்களையும் வரச் சொன்னது. ஆல்பம் பன்னெண்டு இருக்குது. எதுல இருக்கறாருன்னு எங்களால கண்டுபுடிக்க முடியல."

தெய்வங்களைப் பாதாதிகேசமாகப் பாடுவது நம் மரபு. ஆல்பங்களும் அம்மரபு வழுவாமல் திருமலையைப் போற்றியிருந்தன. மூன்றாம் ஆல்பத்தில் பாதம். ஐந்தாவதில், தலைவருக்குக் குடை பிடித்த முழங்கை. எட்டாவதில், கோப்பை ஏந்தியோர் கூட்டத்துக்கு அப்பால் ஒரு பிடரி. முகமோ, அடிமுடி காணவொண்ணாப் பரம்பொருள்போல், தேடுந்தோறும் மறைந்தருளியது.

"மத்த படத்துலெல்லாம் இன்னாங்க, அவரு எங்கயுமே இல்ல?"

"அதெல்லாம் அவரு எடுத்த படம்மா. எடுக்கறவரு எப்படி உள்ள வருவாரு?"

பன்னிரண்டாம் ஆல்பத்தில் தலைவர் பிரபாகரன் நின்றார். இரண்டு அரிசி ஆலைகளும் ஒரு பட்டு மாளிகையும் உடைய பெருந்தகை. படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை அவருக்கு மட்டையை நீட்டிக்கொண்டிருந்தது.

"இந்தக் கை அவருதா, பாத்துச் சொல்லும்மா."

தேவகி குனிந்து பார்த்தாள். "அவருதுதான். கட்டவெரல் நகம் பொளந்துகினு இருக்குது பாருங்க. உங்க தலைவரு வீசுன மட்ட பட்டது."

"அப்பாடா!" சுதாகர் பதிவேட்டில் எழுதினார்: 'அன்னாரின் உருவம் கண்டறியப்பட்டது.'

"கைய வெச்சிகினு மொகத்த எப்படிங்க நெய்வாங்க?"

"டிசைன்காரரு பாத்துக்குவாரு."

"மொகம் வருமில்லீங்க?"

"வரும்மா. கண்டிப்பா மொகம் வரும்."

வாக்குத் தவறாத மனிதர் சுதாகர். முகம் வந்தது.

படத்திறப்பு நாளில் தேவகியை முதன்முறையாகக் கூடத்தினுள் அழைத்து, மூன்றாம் வரிசையில் அமர்த்தினர். தலைவர் தழுதழுத்தார்: "திருமலை எனக்குத் தம்பி மாதிரி. முப்பத்தோரு வருசத்துல என்கிட்ட ஒரு ஆட்டங்கூட அவரு ஜெயிச்சதில்ல. அப்பேர்ப்பட்ட பணிவு!" கைதட்டல் ஓய்ந்ததும் திரை விலகியது.

நான்கு முழப் பட்டு. நடுநாயகமாகத் தலைவர் பிரபாகரனின் திருமுகம், பற்கள்தோறும் சரிகை மின்ன. கீழே வலக்கோடியில் ஒரு கை. நகத்தின் பிளவைக்கூட நெசவாளி விடவில்லை. அடியில் 'அமரர் திருமலை நினைவாக' என்ற எழுத்து.

"அவரு மொகம் எங்கங்க?" என்றாள் தேவகி.

சுதாகர் காதருகே குனிந்தார். "ஆல்பத்துப் படத்த அப்டியே டிசைன் அட்டையில ஓட்டையா குத்தித் தறியில ஏத்திட்டாங்கம்மா. ஏத்தினா ஏத்தினதுதான். நீ கைய மட்டும் பாரு."

அதற்குள் ஒலிபெருக்கி நிகழ்ச்சி நிரலின்படி முழங்கியது: "அடுத்து, அமரரின் துணைவியார் திருவுருவப் படத்துக்குப் பொட்டிட்டு, மாலை அணிவித்து, விளக்கேற்றுவார்!"

தேவகி சம்பங்கி மாலையுடன் படத்தின் முன் நின்றாள். அந்தக் கையைச் சற்றுநேரம் பார்த்தாள். பிறகு சந்தனத்தைக் குழைத்து, அங்கிருந்த ஒரே நெற்றியில் அழுத்தி இட்டாள். அதன்மேல் குங்குமம் வைத்தாள். மாலையைச் சட்டத்தின் இரு மூலைகளிலும் மாட்டி, விளக்கை ஏற்றினாள்.

முன்வரிசை பதறியது. "ஏம்மா! ஏம்மா! அது நானு!" என்று அலறினார் பிரபாகரன்.

"தெரியுதுங்க ஐயா. கைக்கு எங்கங்க பொட்டு வெக்கறது? நெத்தி உங்களுதுதான இருக்குது."

"மாலைய எடும்மா, ஜல்தி!"

"செத்தவங்க படத்துக்குப் போட்ட மாலைய எடுக்கக் கூடாதுங்க. குடும்பத்துக்கு ஆகாது."

எடுக்க எவரும் முன்வரவில்லை. சுதாகர் செய்வதறியாது நிகழ்ச்சி நிரலைப் புரட்டினார். அது அவரை ஒருநாளும் கைவிட்டதில்லை. "அடுத்து, ரெண்டு நிமிட மௌன அஞ்சலி."

அனைவரும் எழுந்தனர். அஞ்சலியின்போது அமர்ந்திருத்தல் மறைந்தவரை அவமதிப்பதாகும் என்பது மன்றத்தின் ஒன்பதாம் விதி. எனவே தலைவரும் எழுந்து, மாலையணிந்த தம் முகத்தின் முன் தலைகுனிந்து நின்றார். அந்த அமைதியில் தேவகி அண்ணாந்து மின்விசிறிகளை எண்ணினாள். ஐந்து.

முப்பத்தோராண்டு ஒரு மனிதரை, அவர் முகத்தைப் பாராமலே பேணத் தெரிந்த மன்றம், உயிரோடிருக்கும் தன் தலைவரின் முகத்துக்கு, அவரோடு சேர்ந்தே எழுந்து நின்று, முறைப்படி இறுதி மரியாதை செய்தது.