தேடுபொறி மாப்பிள்ளை

"கிடைக்கலைன்னா தப்பு பொறியில இல்ல அத்தை, நீங்க கேட்ட விதத்துல!"

இப்படி என்மேல் எரிந்து விழுந்தவர் என் மகளைக் கட்டியவர். அப்படி நான் என்ன கேட்டேன், நிலாவையா? முன்பு புரை எடுக்க என் வலது கண்ணை அறுத்தபோது உள்ளே வைத்த லென்சு எது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த ஒற்றைத் தாள். இடது கண்ணுக்கு வியாழக்கிழமை நாள் குறித்திருந்தார்கள். தாளோடு வராவிட்டால் மூன்று மாதம் தள்ளிப்போகும். அதுவரை மாடிப்படியைக் காலால் தடவித்தான் இறங்க வேண்டும்.

உலகத்தில் தொலைக்கிறவர்கள் உண்டு, தேடுகிறவர்கள் உண்டு. இவர் இன்னொரு இனம். தேடும் முறையைத் திருத்துகிறவர். பொருள் கிடைத்ததா என்று இவரிடம் கேட்காதீர்கள், கோபம் வரும்.

கல்யாணப் பத்திரிகையிலிருந்து தண்ணீர் வரி ரசீது வரை வீட்டிலிருந்த காகிதத்தையெல்லாம் படம் பிடித்து, கணினிக்குள் ஏற்றி, அசலைப் படம் பிடித்த வரிசையிலேயே பதினோரு அட்டைப்பெட்டிகளில் கொட்டி, நாடா ஒட்டி, அலமாரிக்கு மேல் ஏற்றிவிட்டு, "இனிமே எதையும் அடுக்கவே வேணாம் அத்தை, தேடினா வரும்" என்று கையைத் தட்டிக்கொண்டார்.

இதற்கான மென்பொருள் இலவசமாம். முகம் தெரியாத ஆயிரம் பேர் சேர்ந்து எழுதியதாம், யார் வேண்டுமானாலும் பிரித்துத் திருத்தலாமாம். சும்மா கிடைத்ததைச் சும்மா விடுவாரா? தினமும் பிரிப்பார். ஒரு எண்ணை மாற்றி அந்த ஆயிரம் பேருக்கும் அனுப்புவார். எங்கோ ஒருவன் "இது அவசியமா?" என்று எழுதிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. அதே கேள்வியை என் மகள் பத்து வருஷமாகக் கேட்கிறாள். காதில் விழுந்தால்தானே!

சாப்பாட்டு மேசையில்தான் பரீட்சை. ஒரு சொல்லைத் தேடுவார், வந்த பத்துக் காகிதத்துக்கும் நாங்கள் மதிப்பெண் போட வேண்டும். பொருத்தமாக இருந்தால் மூன்று, இல்லாவிட்டால் சைபர்.

"எல்லாத்துக்கும் மூணு போட்டுக்கோங்க, சாப்பாடு ஆறுது" என்பாள் மகள்.

"நேர்மையா போடும்மா! போன வாரம் நூத்துக்கு எழுபத்தொண்ணு, இப்ப எழுபத்திநாலு!" பிள்ளை பாஸானால்கூட மனுஷனுக்கு இவ்வளவு பூரிப்பு வராது.

திங்கட்கிழமை என் தாளுக்காகத் தேடினார். 'கண்' என்று போட்டதும் முதலில் வந்தது காப்பீட்டுக் கம்பெனியின் புத்தகம். கண்ணுக்குப் பணம் தர முடியாது என்பதை நாற்பத்தொரு தடவை சொல்கிறதாம், அதனால் அதற்கு முதலிடம். இரண்டாவது, துணி துவைக்கும் இயந்திரத்தின் விளக்கம்: சோப்பு கண்ணில் பட்டால் கழுவவும்.

"அவர் பேரைப் போட்டுப் பாருங்க மாப்பிள்ளை. இன்னாரோட மனைவின்னு அந்தத் தாள்ல இருக்கும்."

"மாமா பேர் உங்க எல்லாக் காகிதத்துலயும் வருது அத்தை. எல்லாத்துலயும் வர்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது. அதான் கணக்கு."

"அது எனக்குக் கல்யாணமான மறு வாரமே தெரியும். நீங்க இப்பதான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சீங்களா?"

மகள் சிரிப்பை அடக்க உள்ளே ஓடினாள்.

புதன்கிழமை மத்தியானம் உண்மை வெளியே வந்தது. டாக்டர் கையெழுத்தைப் பொறியால் படிக்க முடியவில்லை. படிக்க முடியாத காகிதங்களையெல்லாம் இவரே கணக்கிலிருந்து தூக்கிவிட்டிருக்கிறார். எழுபத்தொன்று எழுபத்திநாலு ஆனது அதனால்தான்! மக்குப் பிள்ளைகளுக்கு லீவு கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்கிற கதை.

"பெட்டிய இறக்குங்க" என்றாள் மகள்.

"எந்தப் பெட்டின்னு..."

"எல்லாத்தையும்!"

இறக்கினார். எழுத்து எனக்கு முன்பே தகராறு, இப்போது பார்வையும் கஞ்சிபோல. ஆனால் அந்தத் தாளின் மூலையில் லென்சுப் பெட்டியிலிருந்து உரித்து ஒட்டிய சின்ன வழவழப்புச் சீட்டு ஒன்று உண்டு. மூலை மூலையாக விரலால் தடவிக்கொண்டே போனேன். நாலாவது பெட்டியில் மாட்டியது.

"இதுக்கு எத்தனை போடுவீங்க மாப்பிள்ளை?"

மனுஷனுக்கு வெட்கமாவது வந்ததா? "மூலையில ஒட்டின சீட்ட வெச்சுத் தேடறது! இது யாருக்குமே தோணலையே!" என்று கணினிக்கு ஓடினார், ஆயிரம் பேருக்கும் எழுத.

வியாழக்கிழமை இடது கண்ணுக்கும் அறுவை முடிந்தது. இப்போது எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது, நீங்கள் செய்வதும் சேர்த்து. கைபேசியில் ஒன்பதாயிரம் படத்தை வைத்துக்கொண்டு, எதிரில் ஆள் காத்திருக்க, "இங்கதான் இருந்துச்சு, ஒரு நிமிஷம்" என்று கட்டைவிரல் தேய மேலும் கீழும் தள்ளுவது யாராம்? என் மாப்பிள்ளையா?

உங்களுக்கும் உதவுமே என்றுதான் சொல்கிறேன். என் தாளை வைக்க அட்டைக் கோப்பு ஒன்றும், அந்தக் கோப்பு தொலைந்தால் கைபேசியில் தட்டியதும் 'கீக்கீ' என்று கத்தும் பொத்தான் ஒன்றும் வாங்கி வந்திருக்கிறார். கோப்பு பதினைந்து ரூபாய். பொத்தான் இரண்டாயிரத்து நானூறு.