மூணாவது டாக்குமெண்ட்

இந்த முறை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு கட்டினேன். மாமியார் ஷார்ஜாவுக்கு வரக் கூடாது.

அவர் மீது எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. முவைலாவில் எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு படுக்கையறை. விருந்தாளி வந்தால் ஹால் சோபாவில்தான் படுக்க வேண்டும். அந்த சோபா என்னுடையது. டூட்டி முடிந்து வந்தால், இந்த வீட்டில் என் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்கும் ஒரே ஜீவன் அது.

"ரெண்டே மாசம்ங்க. விசிட் விசாதானே?" என்றாள் என் மனைவி சந்திரகலா. கண் மட்டும் டிவியில் இருந்தது. டிவியில் எட்மண்ட் ஃபெல்காட் இருந்தார். லண்டன் நடிகர். கலாவுக்கு உயிர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்த வருஷம் இவன் என்னத்தக் கிழிச்சுட்டான்?"

"நாலு படம், மூணு டாக்குமெண்ட்டு."

"டாக்குமெண்ட் இல்ல கலா, டாக்குமெண்டரி."

நான் கம்பெனியில் டாக்குமெண்ட் கன்ட்ரோலர். பதினாலு வருஷமாக என் கையைத் தாண்டி ஒரு காகிதம் போனதில்லை. எனக்கா வித்தியாசம் தெரியாது?

"ஏதோ ஒண்ணு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஏழையும் சொல்லுங்க, அம்மா வரல. ஒண்ணு குறைஞ்சாலும் வர்றாங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

களத்தில் இறங்கினேன். ஒரு படத்தில் அவர் ராஜா. இன்னொன்றில் ராஜாவுக்கு விஷம் வைப்பவர். மூன்றாவதில் துப்பறிகிறவர். நாலாவதில் முதல் காட்சியிலேயே பிணம். முகம் தெரிந்ததால் சேர்த்துக்கொண்டேன். டாக்குமெண்டரிகளில் ஒன்று கலங்கரை விளக்கம் பற்றி. இன்னொன்று பெங்குவின் பற்றி, அதில் பனிக்கட்டி மேல் நடுங்கிக்கொண்டே பேசுகிறார். மூன்றாவதை மட்டும் காணோம். இணையத்தையே சல்லடை போட்டுச் சலித்தேன். மாஃபி, இல்லவே இல்லை!

வியாழன் சாயங்காலம் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, உங்க ஃபோன்ல ஒரு டாக்குமெண்ட்டு வந்திருக்கும். ஓகே பண்ணிடுங்க."

'டாக்குமெண்டரி' என்று மனதுக்குள் திருத்தினேன். பைத்தியக்காரி, விடையைத் தானே அனுப்பிவிட்டாள்! அமுக்கினேன். ஃபோன் என் முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினேன். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினேன். ஒரு படம் பார்க்க இவ்வளவு கெடுபிடியா? விடைதான் கிடைத்துவிட்டதே, படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை எழுந்து நின்று ஒப்பித்தேன். ஆறு வரைக்கும் தண்ணீர் பட்ட பாடு.

"மூணாவது டாக்குமெண்ட்டு?"

"நீ அனுப்பினதுதான். ஓகே பண்ணேனே!"

"கரெக்ட். அது என்ன?"

ஃபோனை நீட்டினாள். அதில் மாமியார் முறைத்துக்கொண்டிருந்தார். விசிட் விசா, அறுபது நாள். கஃபீல், அதாவது ஸ்பான்சர்: சிவசங்கரன். நான்தான்.

"அம்மா பாஸ்போர்ட் காப்பி, போட்டோ, கஃபீல் சம்மதம். மூணு டாக்குமெண்ட்டு. நான் சரியாத்தான் சொன்னேன். நீங்கதான் திருத்துனீங்க."

"அப்போ ஃபெல்காட்?"

"அவர் பண்ணது ரெண்டே ரெண்டு டாக்குமெண்டரிதாங்க." இப்போது மட்டும் அந்த 'ரி' சுத்தமாக விழுந்தது. "கலாஸ், முடிஞ்சுபோச்சு! அம்மாவுக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. யல்லா, எழுந்திரிங்க, ஏர்போர்ட்டுக்குக் கிளம்பணும்."

மாமியார் வந்து, என் சோபாவில் காலை நீட்டி, டிவியில் ஃபெல்காட்டைப் பார்த்து மலர்ந்தார். பிறகு தரையில் உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, நீங்க ஏதோ கன்ட்ரோலராமே? அந்த ரிமோட் கன்ட்ரோலை இப்படிக் குடுங்க."